வன்தட்டுச் சுழற்சி நிறுத்தமும் விழிப்புத் தடங்கலும் (லினக்ஸ்)

வன்தட்டுச் சுழற்சி நிறுத்தம் என்பது, சிறிது நேரம் பயன்படுத்தப்படாமல் இருக்கும் வன்தட்டின் மோட்டாரை நிறுத்தி மின்சாரத்தைச் சேமிக்கும் முறை ஆகும். நிறுத்தப்பட்ட வன்தட்டு மீண்டும் தேவைப்படும்போது, மோட்டார் ஓடத் தொடங்கி முழு வேகத்தை அடையும் வரை அதிலுள்ள கோப்பைக் கேட்ட நிரல் காத்திருக்க வேண்டும். இக்காத்திருப்பு இயல்பான சில நொடிகளைக் கடந்து நீள்வதும், அதனால் அந்த நிரலோ முழுக் கணினியோ உறைந்து நிற்பதும் விழிப்புத் தடங்கல் எனப்படும்.

லினக்ஸ் இயக்குதளத்தில், ஓய்விலிருந்து எழுந்துகொண்டிருக்கும் நல்ல வன்தட்டும் பழுதடைந்த வன்தட்டும் ஒரு நிரலுக்கு ஒன்றுபோலவே தோன்றுகின்றன. இரண்டுமே பதில் தருவதில்லை. இவற்றைப் பிரித்தறிய உதவுபவை இரண்டு: காத்திருப்பின் கால அளவு, கருனி எழுதும் நிகழ்வுப் பதிவு. இவற்றைப் பார்க்காமல் முடிவெடுத்தால், எழுதிக்கொண்டிருக்கும் கணினியின் மின் இணைப்பைத் துண்டித்துத் தரவை இழக்க நேரிடலாம். நல்ல வன்தட்டு ஒன்று குப்பைக்குப் போகலாம். அல்லது பழுதாகிவரும் வன்தட்டு 'தூங்கி எழுகிறது' என்று கருதப்பட்டுத் தொடர்ந்து நம்பப்படலாம்.

லினக்ஸ் கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்யப்படுகின்றன. இக்கட்டுரையில் அவை தமிழ் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன.

பின்னணி

வன்தட்டின் உள்ளே காந்தப் பூச்சுடைய வட்டுகள் ஓர் அச்சில் பொருத்தப்பட்டுச் சுழல்கின்றன. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்றுகள் என்பது பரவலாகக் காணப்படும் வேகம் ஆகும். தரவைப் படித்து எழுதும் முனைகள் வட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் உண்டாகும் மெல்லிய வளிப் படலத்தின் மீது அவை மிதக்கின்றன. ஆகவே வட்டு முழு வேகத்தை அடையாமல் முனைகள் தரவுப் பகுதிக்கு வர இயலாது. வட்டை நிறுத்தும் முன்னர் முனைகள் பாதுகாப்பான இடத்துக்கு விலக்கப்படவும் வேண்டும்.

3.5 அங்குல வன்தட்டு ஒன்று சும்மா சுழன்றுகொண்டிருக்கும்போது சுமார் 4 முதல் 8 வாட் வரை மின்திறனை எடுத்துக்கொள்கிறது. மோட்டார் நின்ற பின் இது 1 வாட் அளவுக்கோ அதற்கும் கீழோ குறைகிறது. எடுத்துக்காட்டாக, 4 வாட் மிச்சமாகி, நாளொன்றுக்கு 20 மணி நேரம் வன்தட்டு ஓய்வில் இருந்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 29 யூனிட் மின்சாரம் மிச்சமாகும். வெப்பமும் இரைச்சலும் குறைவது கூடுதல் நன்மை.

நின்ற வட்டை மீண்டும் சுழற்றுவதற்கு மாறாக அதிக மின்னோட்டம் தேவைப்படுகிறது. 3.5 அங்குல வன்தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் 12 வோல்ட் கம்பியில் 2 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். விழிப்புத் தடங்கல்களில் ஒரு பகுதி மென்பொருளால் அன்றி இம்மின்தேவையாலேயே ஏற்படுகிறது.

வன்தட்டின் மின் நிலைகள்

வன்தட்டுகளும் கணினியும் பேசிக்கொள்ளும் ஏடிஏ சீர்தரம் நான்கு மின் நிலைகளை வரையறுக்கிறது.

1. செயல் நிலை: வட்டு சுழல்கிறது, படித்தலும் எழுதலும் நடைபெறுகின்றன.
2. சும்மா இருக்கும் நிலை: வட்டு சுழல்கிறது, மின்னணுப் பகுதிகள் சில அணைக்கப்பட்டிருக்கலாம்.
3. ஓய்வு நிலை: மோட்டார் நின்றுவிட்டது, ஆனால் கட்டளைகளைக் கேட்கும் மின்னணுப் பகுதி விழித்திருக்கிறது. படிக்கவோ எழுதவோ கட்டளை வந்தால் வன்தட்டு தானே சுழலத் தொடங்கும்.
4. உறக்க நிலை: கட்டளைகளைக் கேட்கும் பகுதியும் அணைந்துள்ளது. மீட்டமைப்புச் சமிக்ஞை ஒன்றினால் மட்டுமே எழுப்ப முடியும்.

அன்றாடப் பயன்பாட்டில் சுழற்சி நிறுத்தம் எனக் குறிப்பிடப்படுவது மூன்றாவது நிலையே. நான்காவது நிலைக்கு வன்தட்டை அனுப்பினால், எழுப்புவதற்குக் கருனி அதனை மீட்டமைக்க வேண்டியிருப்பதால் காத்திருப்பு நீளும்.

சுழற்சி நிறுத்தத்தை அமைத்தல்

லினக்ஸில் இப்பணிக்கு நெடுங்காலமாகப் பயன்படும் கருவி, மார்க் லார்டு எழுதிய எச்டிபார்ம் ஆகும். அதன் முதன்மையான தெரிவுகள் பின்வருமாறு.

* பெரிய சி: வன்தட்டின் தற்போதைய நிலையைக் காட்டும். இது ஓய்வில் உள்ள வன்தட்டை எழுப்புவதில்லை.
* சிறிய ஒய்: வன்தட்டை உடனே ஓய்வு நிலைக்கு அனுப்பும்.
* பெரிய ஒய்: உறக்க நிலைக்கு அனுப்பும்.
* பெரிய எஸ்: எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் ஓய்வுக்குச் செல்ல வேண்டும் என்பதைக் குறிக்கும்.
* பெரிய பி: மேம்பட்ட மின் மேலாண்மை எனப்படும் அமைப்பின் அளவைக் குறிக்கும்.

பெரிய எஸ் தெரிவுக்குத் தரப்படும் எண் நேரடியாக நொடிகளையோ நிமிடங்களையோ குறிப்பதன்று. பலர் தவறு செய்யும் இடம் இது. 0 என்றால் தானியங்கி நிறுத்தம் இல்லை. 1 முதல் 240 வரை உள்ள எண்கள் 5 நொடிகளின் மடங்குகள். ஆகவே 120 என்பது 10 நிமிடம், 240 என்பது 20 நிமிடம். 241 முதல் 251 வரை உள்ளவை 30 நிமிடங்களின் மடங்குகள். 241 என்பது 30 நிமிடம், 242 என்பது 1 மணி, 251 என்பது ஐந்தரை மணி. 10 நிமிடம் என எண்ணி 10 என்று தட்டச்சு செய்பவரின் வன்தட்டு, 50 நொடிக்கு ஒருமுறை நின்று எழத் தொடங்கும்.

பெரிய பி தெரிவில் 1 முதல் 127 வரை உள்ள அளவுகள் சுழற்சி நிறுத்தத்தை அனுமதிக்கின்றன. 128 முதல் 254 வரை உள்ளவை அனுமதிப்பதில்லை. 255 இவ்வசதியையே அணைக்கிறது. சில வன்தட்டுகள் பெரிய எஸ் தெரிவைப் பொருட்படுத்துவதில்லை. அவற்றுக்கு, வன்தட்டின் பயன்பாட்டைக் கண்காணித்துத் தானே நிறுத்தக் கட்டளை அனுப்பும் எச்டி-ஐடில் போன்ற நிரல் பயன்படுத்தப்படுகிறது. எச்டிபார்ம் அமைப்புகளை மின்சாரம் போனவுடன் வன்தட்டு பெரும்பாலும் மறந்துவிடும். எனவே அவை தொடக்க அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கப்படுகின்றன. டெபியன் வழிவந்த வழங்கல்களில் இட்சி அடைவிலுள்ள எச்டிபார்ம் டாட் கான்ஃப் கோப்பு இதற்குரியது.

விழித்தெழும்போது நடப்பவை

ஓய்வில் உள்ள வன்தட்டிலிருந்து ஒரு நிரல் கோப்பைக் கேட்கும்போது, கருனி முதலில் நினைவகத்தில் அதன் படி உள்ளதா எனப் பார்க்கிறது. இருந்தால் வன்தட்டை எழுப்பாமலே பதில் கிடைத்துவிடும். இல்லையெனில் படிப்புக் கட்டளை வன்தட்டுக்கு அனுப்பப்பட்டு, அக்கணமே கருனியில் ஒரு காலக்கெடு ஓடத் தொடங்குகிறது. இக்கெடுவின் இயல்பளவு 30 நொடி ஆகும். இதனை ஒவ்வொரு வன்தட்டுக்கும் உரிய டைம்அவுட் என்னும் கோப்பில், சிஸ் அடைவின் கீழ், பார்க்கவும் மாற்றவும் முடியும்.

நல்ல வன்தட்டு ஒன்று பொதுவாக 10 நொடிகளுக்குள் முழு வேகத்தை அடைந்து பதில் தந்துவிடுகிறது. அப்போது பதிவேட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை.

30 நொடிக்குள் பதில் வராவிட்டால் நிலைமை மாறுகிறது. சாட்டா வன்தட்டுகளைக் கையாளும் லிப்ஏடிஏ பகுதி அந்த இணைப்பில் போக்குவரத்தை முடக்கி, இணைப்பை மீட்டமைக்கிறது. மீட்டமைப்பு முயற்சிகளுக்கு அது முறையே 10, 10, 35, 5 நொடிகள் வரை காத்திருக்கும். பெரும்பாலான வன்தட்டுகள் 10 நொடிக்குள்ளும், ஏறத்தாழ அனைத்தும் 20 நொடிக்குள்ளும் சுழன்றுவிடும் என்பது இக்கால அளவுகளுக்கு அடிப்படை. இவை அனைத்தும் தோற்றால் மேலும் ஒரு நிமிடம் கழிகிறது. மீட்டமைப்பு வெற்றி பெற்றாலும் தோல்வியுற்ற கட்டளை மீண்டும் அனுப்பப்படும். இவ்வாறு ஐந்து முறை வரை முயற்சி நடைபெறலாம். ஆகவே பழுதுபட்ட வன்தட்டைக் கேட்ட நிரல் பல நிமிடங்கள் உறைந்து நிற்பது கருனியின் கோளாறு அன்று. தரவை எளிதில் கைவிடாதிருப்பதற்காக அது அவ்வாறே வடிவமைக்கப்பட்டுள்ளது.

முழுக் கணினியும் உறைவது ஏன்

வன்தட்டின் பதிலுக்குக் காத்திருக்கும் பணியை லினக்ஸ் 'இடையூறு செய்ய இயலாத உறக்கம்' என்னும் நிலையில் வைக்கிறது. பிஎஸ் கட்டளையின் வெளியீட்டில் இது டி என்ற எழுத்தால் குறிக்கப்படும். இந்நிலையில் உள்ள பணியைக் கில் கட்டளையின் 9 ஆம் சமிக்ஞையாலும் பொதுவாக நிறுத்த முடியாது. கணினியின் சராசரிச் சுமைக் கணக்கில் இப்பணிகளும் சேர்க்கப்படுவதால், செயலகம் வேலையின்றி இருக்கும்போதே சுமை எண் உயர்ந்துகொண்டே செல்லும். இம்முரண்பாடே வன்தட்டுக் காத்திருப்பின் தெளிவான அறிகுறி.

ஒரு வன்தட்டின் தாமதம் பின்வரும் வழிகளில் பிற பணிகளுக்கும் பரவுகிறது.

* கோப்பு மேலாளர்களும் கோப்பைத் திறக்கும் சாளரங்களும், பயனர் கேட்காத வன்தட்டுகளையும் பட்டியலிட முனைகின்றன.
* சிங்க் கட்டளை, ஏற்றப்பட்டுள்ள அனைத்துக் கோப்பு முறைமைகளிலும் எழுதி முடியும் வரை காத்திருக்கிறது.
* பழைய ஐடிஇ முறையில் ஒரே பட்டை வடத்தில் இணைந்த இரு வன்தட்டுகளுள் ஒன்று எழும் வரை மற்றதும் காத்திருக்க வேண்டியிருந்தது.
* வழங்கிகளில் பயன்படும் பல வன்தட்டு இணைப்பு அட்டைகளில், ஒரு வன்தட்டின் பிழையைக் கருனி கையாளும்போது அவ்வட்டையிலுள்ள மற்ற வன்தட்டுகளுக்கும் போக்குவரத்து நிற்கிறது. நேரடிச் சாட்டா இணைப்புகளில் ஒவ்வோர் இணைப்பும் தனித்தனியே கையாளப்படுவதால் இச்சிக்கல் குறைவு.

தடங்கலை இனங்காணல்

முதற்படி, காத்திருப்பை அளப்பது. வன்தட்டைச் சிறிய ஒய் தெரிவால் ஓய்வுக்கு அனுப்பி, பெரிய சி தெரிவால் அந்நிலையை உறுதிசெய்த பின், டிடி கட்டளையால் ஒரே ஒரு தொகுதியைப் படிக்கச் செய்து டைம் கட்டளையால் நேரத்தை அளக்கலாம். நினைவகப் படியைத் தவிர்க்க டைரக்ட் தெரிவு சேர்க்கப்பட வேண்டும். ஒவ்வொரு முறையும் வன்தட்டின் வேறோர் இடத்திலிருந்து படிப்பது நல்லது. இதனை மூன்று, நான்கு முறை செய்தால் அவ்வன்தட்டின் இயல்பான எழும் நேரம் தெரிந்துவிடும்.

இரண்டாவது படி, டிமெசெஜ் கட்டளையால் கருனியின் பதிவேட்டைப் பார்ப்பது. கால அளவையும் பதிவையும் சேர்த்துப் பின்வருமாறு முடிவெடுக்கலாம்.

* சுமார் 15 நொடிக்குள் பதில். பதிவேட்டில் எதுவும் இல்லை: இயல்பான விழிப்பு. பழுது ஏதுமில்லை. காத்திருப்பு தொல்லையாக இருந்தால் ஓய்வுக்கான நேரத்தை நீட்டினால் போதும்.
* 30 நொடிக்குப் பின் பதில்; இணைப்பு முடக்கப்பட்டது, தோல்வியுற்ற கட்டளை, இணைப்பு மீட்டமைக்கப்படுகிறது என்ற பொருளில் வரிகள்: காலக்கெடு மீறப்பட்டுள்ளது. காரணத்தைத் தேட வேண்டும்.
* இணைப்பு மெதுவாகப் பதிலளிக்கிறது, பொறுத்திருக்கவும் என்ற பொருளில் வரி: வன்தட்டு இணைப்பில் உள்ளது, ஆனால் இன்னும் ஆயத்தமாகவில்லை.
* ஒரு பணி 120 நொடிக்கு மேல் தடைபட்டுள்ளது என்ற பொருளில் வரி: கருனியின் காவற்பணி எழுதுவது. இது காரணத்தைச் சொல்வதன்று. எந்தப் பணி காத்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது.
* பதிலே இல்லை. வன்தட்டின் பெயர் பட்டியலிலிருந்து மறைந்துள்ளது: கருனி அதனைக் கைவிட்டுவிட்டது.

மூன்றாவது படி, வன்தட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவுகளை ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் பார்ப்பது. அவற்றுள் 10 ஆம் பண்பு, சுழலத் தொடங்கும் முயற்சி தோற்று மீண்டும் முயன்ற எண்ணிக்கையைக் காட்டும். இது உயர்ந்துவந்தால் மோட்டாரிலோ மின்வழங்கியிலோ குறை உண்டு. 199 ஆம் பண்பு உயர்ந்துவந்தால் தரவு வடத்தையோ செருகியையோ மாற்றிப் பார்க்க வேண்டும். 5, 197 ஆம் பண்புகள் வட்டின் மேற்பரப்பில் பழுதான பகுதிகளைக் குறிக்கின்றன. இவை உயர்ந்துகொண்டிருந்தால், காலக்கெடுவை மாற்றிப் பார்ப்பதற்கு முன்பாகத் தரவைப் படியெடுத்துவிட வேண்டும்.

காரணங்களும் தீர்வுகளும்

மின்வழங்கல்

பல வன்தட்டுகள் ஒரே நேரத்தில் எழும்போது மின்னழுத்தம் சரிந்து, அவற்றுள் ஒன்றோ சிலவோ இடையிலேயே மீட்டமைந்துவிடலாம். ஒவ்வொன்றும் தனியாக நன்கு எழுந்து, சேர்ந்து எழும்போது மட்டும் பிழை வந்தால் மின்வழங்கியையே ஐயுற வேண்டும். போதிய திறனுள்ள மின்வழங்கியைப் பயன்படுத்துவதும், ஒரே மின்கம்பியைப் பல வன்தட்டுகளுக்குப் பிரித்துத் தருவதைத் தவிர்ப்பதும் தீர்வாகும்.

யூஎஸ்பி வன்தட்டுகள்

வெளியே இணைக்கப்படும் வன்தட்டுகளில், யூஎஸ்பி மொழியைச் சாட்டா மொழிக்கு மாற்றும் பாலச் சில்லு ஒன்று இடையில் உள்ளது. இச்சில்லுகள் சில, கணினியைக் கேட்காமல் தாமே வன்தட்டை நிறுத்துகின்றன. பின்னர் படிப்புக் கட்டளை வரும்போது தாமே எழுப்பாமல், 'ஆயத்தமில்லை, தொடக்கக் கட்டளை தேவை' என்ற பிழையைத் திருப்புகின்றன. 2007, 2008 ஆம் ஆண்டுகளில் சீகேட் நிறுவனத்தின் ஃப்ரீஏஜெண்ட் வன்தட்டுகளில் லினக்ஸ் பயனர்கள் பரவலாகச் சந்தித்த சிக்கல் இது. அலௌ-ரீஸ்டார்ட் என்னும் சிஸ் கோப்பில் 1 என எழுதினால், கருனி அப்பிழையைக் கண்டவுடன் தொடக்கக் கட்டளையை அனுப்பும். எஸ்டிபார்ம் கருவியால் வன்தட்டின் ஓய்வுக் கடிகாரத்தையே அணைப்பது மற்றொரு வழியாக இருந்தது. பின்னர் யூஎஸ்பி வன்தட்டுகளுக்கு அலௌ-ரீஸ்டார்ட் கருனியிலேயே இயல்பாக இயக்கப்பட்டது.

சில சில்லுகள் எச்டிபார்ம் கட்டளைகளை வன்தட்டுக்குக் கடத்துவதில்லை. சில தவறான பதிலைத் தருகின்றன. ஆகவே யூஎஸ்பி வன்தட்டில் பெரிய சி தெரிவு காட்டும் நிலையை மட்டும் நம்பி முடிவுக்கு வரலாகாது. கையால் தொட்டு அதிர்வை உணர்வதும் செவியால் கேட்பதும் இங்கு நம்பத்தக்க சோதனைகள்.

ரெய்டு அணிகள்

பல வன்தட்டுகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தும் ரெய்டு அணியில், தரவு எந்த வன்தட்டில் உள்ளதோ அது மட்டுமே முதலில் எழுப்பப்படும். அடுத்த பகுதி தேவைப்படும்போது அடுத்த வன்தட்டு எழும். ஒவ்வொன்றும் 8 நொடி எடுத்துக்கொண்டால் நான்கு வன்தட்டுகள் எழ 32 நொடி ஆகலாம். இது தனித்தனிக் கட்டளைகளின் கூட்டுத் தாமதமே அன்றி, காலக்கெடு மீறல் அன்று. பதிவேடு வெறுமையாக இருப்பதால் இதனை இனங்காணலாம். அணியைப் பயன்படுத்தும் முன் அதன் எல்லா வன்தட்டுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரு தொகுதியைப் படிக்கச் செய்யும் சிறு நிரலால் இத்தாமதத்தைக் குறைக்கலாம். ஆயினும் மின்வழங்கியின் திறன் அதற்குப் போதுமானதாக இருத்தல் வேண்டும்.

ரெய்டு அணியில் மேலும் ஆபத்தான ஒரு நிலை உண்டு. மேசைக்கணினிக்கான வன்தட்டுகள் படிக்க இயலாத பகுதியை ஒரு நிமிடத்துக்கு மேலும் தாமே திரும்பத் திரும்பப் படிக்க முயலலாம். கருனியோ 30 நொடியில் பொறுமை இழந்து இணைப்பை மீட்டமைக்கிறது. ஒரே ஒரு பழுதான பகுதிக்காக முழு வன்தட்டும் அணியிலிருந்து விலக்கப்படும் நிலை இதனால் உருவாகிறது. இதற்கு இரு தீர்வுகள் உண்டு. வன்தட்டு இடங்கொடுத்தால், ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையின் எஸ்சிடிஇஆர்சி அமைப்பில் 70 என்ற அளவைத் தந்து அதன் முயற்சியை 7 நொடியுடன் நிறுத்தச் செய்யலாம். இவ்வளவு நொடியின் பத்தில் ஒரு பங்கில் குறிக்கப்படுகிறது. இடங்கொடாவிட்டால் கருனியின் காலக்கெடுவை 180 நொடியாக உயர்த்தலாம். தேவைப்படுவது இவற்றுள் ஒன்றே: வன்தட்டு கைவிடும் நேரம் கருனி கைவிடும் நேரத்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

விலக்கப்பட்ட வன்தட்டை உடனே பழுதென்று கருதத் தேவையில்லை. ப்ராக் அடைவிலுள்ள எம்டிஸ்டாட் கோப்பில் அணியின் நிலையையும், ஸ்மார்ட் பதிவுகளையும் பார்த்து, வன்தட்டு நலமாக இருப்பின் எம்டிஏடிஎம் கருவியால் மீண்டும் சேர்க்கலாம். அதற்கு முன் எஞ்சிய வன்தட்டுகளிலிருந்து தரவைப் படியெடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

கணினி உறக்கத்திலிருந்து மீளல்

முழுக் கணினியையும் உறங்கவைத்து எழுப்பும்போதும் வன்தட்டு எழ வேண்டியுள்ளது. முன்னர் கருனி, வன்தட்டு முழுமையாக எழும் வரை மீளும் பணியை நிறுத்தி வைத்தது. 2014 ஆம் ஆண்டின் 3.15 பதிப்பிலிருந்து வன்தட்டு பின்னணியில் எழ, மற்றவை தொடர்ந்து நடைபெறுகின்றன. திரை ஒளிர்ந்த பின்னும் முதற்கோப்பு திறக்கச் சில நொடிகள் ஆவது இதனாலேயே. மீண்ட பின் எச்டிபார்ம் அமைப்புகள் மறைந்திருந்தால் அவற்றை மீண்டும் இட வேண்டும்.

இணைப்பின் மின்சேமிப்பு

வன்தட்டு சுழன்றுகொண்டிருக்கும்போதே, சாட்டா இணைப்பு மட்டும் மின்சேமிப்பு நிலைக்குச் செல்வதும் உண்டு. சில வன்தட்டுகளும் கட்டுப்படுத்திகளும் இதனைச் சரிவரக் கையாள்வதில்லை. வன்தட்டு ஓய்வில் இல்லாதபோதும் தடங்கல் ஏற்பட்டால், இணைப்பின் மின்கொள்கையை மிகு செயல்திறன் என்னும் அளவுக்கு மாற்றிச் சோதிக்கலாம். தடங்கல் மறைந்தால் காரணம் சுழற்சி அன்று, இணைப்பே.

தேவையற்ற விழிப்புகள்

வன்தட்டு நின்ற சில நொடிகளிலேயே மீண்டும் எழுமானால், ஏதோ ஒரு நிரல் அதனைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. லினக்ஸில், மாற்றப்பட்ட தரவை எழுதும் பணி இயல்பாக 5 நொடிக்கு ஒருமுறை விழிக்கிறது. 30 நொடிக்கு மேல் பழையதான தரவை அது வன்தட்டுக்கு அனுப்புகிறது. ஆகவே எப்போதும் சிறு சிறு பதிவுகளை எழுதும் நிரல் உள்ள வன்தட்டு ஓய்வு கொள்ளவே முடியாது. இயக்குதளம் அமைந்துள்ள வன்தட்டுக்குச் சுழற்சி நிறுத்தம் பெரும்பாலும் பொருந்தாமல் போவது இதனால்தான்.

கோப்பைப் படித்தாலே அதன் படித்த நேரத்தை எழுதும் வழக்கமும் விழிப்புக்குக் காரணமாக இருந்தது. 2009 இல் வெளிவந்த 2.6.30 பதிப்பு முதல் இவ்வெழுத்து இயல்பாகவே குறைக்கப்பட்டது. நோஏடைம் என்னும் ஏற்றல் தெரிவு இதனை முற்றிலும் நிறுத்துகிறது. வன்தட்டின் நலத்தைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டி நிரல் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்கிறது. ஓய்வில் இருந்தால் எழுப்பாதே எனப் பொருள்படும் தெரிவை அதன் அமைப்புக் கோப்பில் சேர்க்கலாம். வன்தட்டைத் தொடும் நிரல் எதுவெனக் கண்டறிய ஃபேட்ரேஸ், பிஎல்கே-டிரேஸ் ஆகிய கருவிகள் உதவுகின்றன.

தேய்மானம்

ஒவ்வொரு நிறுத்தமும் எழுச்சியும் வன்தட்டின் இயந்திரப் பகுதிகளைச் சிறிது தேய்க்கின்றன. மடிக்கணினி வன்தட்டுகள் பலவற்றில், முனைகள் விலகி மீள்வதற்கு 3,00,000 அல்லது 6,00,000 முறை என்ற வரையறை குறிக்கப்பட்டுள்ளது. முனைகள் 30 நொடிக்கு ஒருமுறை விலகி மீண்டால், நாளொன்றுக்கு 2880 முறை ஆகும். 3,00,000 என்ற அளவு ஏறத்தாழ 104 நாட்களில் எட்டப்பட்டுவிடும். 2007 இல் உபுண்டு பயனர்களிடையே இச்சிக்கல் பெரிதும் பேசப்பட்டது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் கிரீன் வரிசை வன்தட்டுகள் 8 நொடி சும்மா இருந்தாலே முனைகளை விலக்கியதால், அக்கடிகாரத்தை மாற்ற லினக்ஸுக்கெனத் தனிக் கருவி எழுதப்பட்டது. ஸ்மார்ட் பதிவின் 193 ஆம் பண்பு முனை விலகல்களையும், 4 ஆம் பண்பு மோட்டார் நின்று எழுந்தவற்றையும் எண்ணுகின்றன. ஒரு நாள் இடைவெளியில் இருமுறை பார்த்தால் வேகம் தெரிந்துவிடும்.

உறைந்த கணினியைக் கையாளல்

உறைவு தொடங்கியவுடன் மின்சாரத்தைத் துண்டிப்பது தவறான முதற்செயல் ஆகும். நினைவகத்தில் எழுதக் காத்திருக்கும் தரவு அழிவதுடன், சுழலும் வட்டிலிருந்து முனைகள் அவசரமாக விலக வேண்டியும் நேரிடும். கருனியின் மீட்பு முயற்சிகள் முடியச் சில நிமிடங்கள் காத்திருத்தல் வேண்டும். வேறு முனையச் சாளரம் இயங்கினால் பதிவேட்டைப் படியெடுத்துக்கொள்ளலாம்.

அதன் பின்னும் மீளவில்லையெனில், சிஸ்ரிக் எனப்படும் விசைக் கூட்டு அனுமதிக்கப்பட்டுள்ள கணினிகளில், ஆல்ட், சிஸ்ரிக் விசைகளுடன் டபிள்யூ அழுத்தினால் தடைபட்ட பணிகளின் பட்டியல் பதிவேட்டில் எழுதப்படும். பின்னர் எஸ் அழுத்தி எழுத வேண்டியவற்றை எழுதச் செய்து, யு அழுத்திக் கோப்பு முறைமைகளைப் படிக்க மட்டும் உரியனவாக மாற்றி, இறுதியாகப் பி அழுத்தி மறுதொடக்கம் செய்யலாம். தடைபட்ட வன்தட்டுக்கு இவை பயன்படாமல் போனாலும் மற்ற வன்தட்டுகளின் தரவைக் காக்கும்.

வரலாறு

2004 இல் வெளிவந்த 2.6.6 பதிப்பில் மடிக்கணினிப் பாங்கு சேர்க்கப்பட்டது. வன்தட்டு எப்படியும் சுழலும் நேரத்தில் எல்லா எழுத்துகளையும் ஒன்றுசேர்த்து முடித்து, நீண்ட ஓய்வுக்கு வழிசெய்வது இதன் நோக்கம். 2006 இல் 2.6.18 பதிப்பு லிப்ஏடிஏ பகுதிக்குப் புதிய பிழை கையாளும் முறையைத் தந்தது. அதே ஆண்டின் 2.6.19 பதிப்பில் பழைய ஐடிஇ வன்தட்டுகளுக்குரிய இயக்கிகளும் லிப்ஏடிஏவில் இடம்பெற்றன. 2007 இல் 2.6.22 பதிப்பு முதல், கணினியை அணைக்கும்போது வன்தட்டை முறையாக நிறுத்தும் பொறுப்பைக் கருனியே ஏற்றது. பழைய ஐடிஇ பகுதி 2021 இல் 5.14 பதிப்புடன் நீக்கப்பட்டது.

சுழலும் பகுதி இல்லாத திடநிலை நினைவகங்கள் மடிக்கணினிகளில் பரவிய பின் இச்சிக்கல் அவற்றில் அருகியது. ஆயினும் காப்புப்படி வன்தட்டுகள், வீட்டு வழங்கிகள், ரெய்டு அணிகள் ஆகியவற்றில் சுழலும் வன்தட்டே இன்றும் மிகுதி. நாளுக்கு ஓரிரு முறை மட்டும் திறக்கப்படும் காப்புப்படி வன்தட்டுக்குச் சுழற்சி நிறுத்தம் மிகவும் பொருந்தும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தொடப்படும் வன்தட்டைச் சுழலவிடுவதே அதன் ஆயுளுக்கு நல்லது.